வெண்கலம் வேறு, இரும்பு வேறு

அன்புள்ள ஐயா,

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறேன். கோவையில் உலோகத்தை உருக்கி வார்க்கும் ஒரு பவுண்டரியிலும், காய்ச்சி அடிக்கும் ஒரு ஃபோர்ஜிங் பட்டறையிலும் வேலைக்கு அழைக்கிறார்கள். "வார்த்தது உடையும், அடித்தது நிற்கும், பிள்ளை வளர்ப்பும் அப்படித்தான்" என்கிறார் அப்பா. எதில் சேரலாம்? ஆதிச்சநல்லூரிலேயே வெண்கலம் கண்ட நமக்கு இதெல்லாம் புதிதா என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஆதிச்சநல்லூரை விட்டுவிடு. அங்கே கிண்ணம் செய்தவனோடு உறவு கொண்டாட வேண்டுமென்றால் முதலில் நீ ஒரு கிண்ணம் செய்.

அப்பா சொன்னது பாதி சரி. பழுக்கக் காய்ச்சிய எஃகை அச்சில் வைத்து அடித்தால் உள்ளே ஓடும் இழை உருவத்தோடு சேர்ந்து வளைகிறது. எஞ்சினில் பிஸ்டனோடு இணையும் கனெக்டிங் ராடுக்கு அது நல்லது. ஆனால் நத்தை ஓடுபோல் சுருண்ட பம்ப்பின் வயிற்றை எந்தச் சம்மட்டியால் அடித்து எடுப்பார்? சாதாரண வார்ப்பிரும்பு முறிவதற்குக் காரணம் உள்ளே செதில் செதிலாக நிற்கும் கிராஃபைட் என்ற கரி. உருகிய இரும்பில் சிறிது மக்னீசியம் சேர்த்தால் அந்தக் கிராஃபைட் உருண்டையாகிவிடும், இரும்பு எளிதில் முறியாது. அப்படி வார்த்த கிராங்க் ஷாஃப்டில் எத்தனையோ கார்கள் ஓடுகின்றன.

என்னைச் சுட்டது அந்தப் 'பிள்ளை வளர்ப்பு'தான். போன மாதம் பரணை ஒழித்தபோது ஒரு வெண்கலக் கிண்ணம் கைக்கு வந்தது. அன்றிலிருந்து இதே நினைப்பு.

பன்னிரண்டு வயதில், பாரதப்புழைக்கு அக்கரையில் ஒரு மூசாரியிடம், அதாவது வெண்கலப் பாத்திரம் செய்பவரிடம், துருத்தி ஊதப் போனேன். நூற்றுக்கு 22 பங்கு வெள்ளீயம் சேர்த்த வெண்கலத்தை முதலில் கனத்த வட்டாக வார்ப்பார். பிறகு காய்ச்சுவார், அடிப்பார், மறுபடி காய்ச்சுவார். ஏறத்தாழ 590 டிகிரிக்கும் 790 டிகிரிக்கும் நடுவில்தான் அது சம்மட்டிக்கு இணங்கும். ஆசானிடம் வெப்பமானி ஏது? சிவப்பு மங்கியதும் "மதி" என்பார், மலையாளத்தில் 'போதும்'. ஒரு நாள் கெஞ்சிச் சம்மட்டியை வாங்கினேன். அவர் "மதி" என்ற பிறகும் ஆசைக்கு ஒன்று போட்டேன். விளிம்பிலிருந்து அடிவரை பிளந்துவிட்டது. அவர் என்னை அடிக்கவில்லை. துண்டுகளைப் பொறுக்கி, உருக்கும் மூசையில் போட்டு, "ஊது" என்றார்.

செய்து முடித்த கிண்ணத்தை மறுபடி சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமுக்குவார். இரும்புக் கொல்லன் பார்த்தால் பதறுவான். கத்திக்கான எஃகை அப்படித் தோய்த்து விட்டுவிட்டால் கெட்டிப்பட்டு, தட்டினாலே நொறுங்கும். இந்த வெண்கலமோ நேர்மாறு. மெல்ல ஆறவிட்டால்தான் நொறுங்கும், தோய்த்தால் அடி தாங்கும். கையில் இருப்பது எந்த உலோகம், அது இப்போது எந்தச் சூட்டில் இருக்கிறது என்று பார்க்கத் தெரியாதவர்கள் பிள்ளைக்குப் பட்டறையை உவமை சொல்ல வேண்டாம். அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டு. கோபித்துக்கொண்டால் என்மேல் கோபித்துக்கொள்ளட்டும்.

வேலையா? பவுண்டரிக்கே போ. மணலில் ஈரம் கூடினால் ஆவி கிளம்பி வார்ப்பில் குமிழி விழும். மணலைக் கைப்பிடியில் இறுக்கி, முறித்துப் பார்த்தே ஈரம் சொல்லும் ஒரு பெரியவர் அங்கே இருப்பார். அவர் பக்கத்தில் நில். நைலான் சட்டை போடாதே, பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி போதும். பேண்ட்டை பூட்ஸுக்குள் சொருகாமல் வெளியே தொங்க விடு. உருகிய இரும்பு ஒரு சொட்டு உள்ளே இறங்கினால், நீ பூட்ஸைக் கழற்றும்வரை அது காத்திருக்காது.