எடை மெஷினை நம்பாதீர்கள்: உடற்பயிற்சி செய்யும் பெண்களின் கேள்விகளுக்குப் பதில்

வேலூர், ராணிப்பேட்டை, ஆரணிப் பக்கம் நடை, ஓட்டம், ஜிம் என்று எதையாவது வழக்கமாகச் செய்யும் பெண்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் உணவு ஆலோசகர், மருத்துவர் இல்லை. மாத்திரை பற்றிக் கேட்டவர்களுக்கு ஒரு வரிதான் வரும், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சத்துவாச்சாரி, 34 வயது: நாலு மாதமாக ஜிம் போகிறேன். சுடிதார் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, எடை மட்டும் 68-லேயே நிற்கிறது. டிரெயினர் கார்டியோவை இன்னும் கூட்டச் சொல்கிறார்.

சுடிதாரை நம்புங்கள். மெஷின் காட்டும் 68 என்பது எலும்பு, தசை, கொழுப்பு, தண்ணீர், குடலில் கிடக்கும் நேற்றைய சாப்பாடு எல்லாம் சேர்ந்த தொகை. பயிற்சி தொடங்கியதும் தசை கிளைகோஜனை, அதாவது மாவுச்சத்துச் சேமிப்பை, கூடுதலாகச் சேர்த்து வைக்கும். ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் தங்கும். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் பலருக்கு ஒரு கிலோ வரை வெறும் தண்ணீரே ஏறும். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஆகவே நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் ஏறி இறங்கும் கிலோ கொழுப்பே இல்லை.

கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷினில் ஏறி நின்றுவிட்டு அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன். அது உடம்புக்குள் சின்ன மின்சாரம் செலுத்தி, தண்ணீரின் அளவை வைத்துப் போடும் ஊகக் கணக்கு. வியர்த்த பின் ஒரு எண், தண்ணீர் குடித்த பின் இன்னொரு எண் வரும்.

தையல் டேப் ஒன்று வாங்குங்கள். மாதம் ஒரு முறை, மாதவிடாய் முடிந்த வாரத்தில், காலை வெறும் வயிற்றில் இடுப்பு, தொடை, கை அளந்து எழுதிவையுங்கள். நம் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.யைத் தாண்டினால் சர்க்கரை, இதய நோய் ஆபத்து கூடும். பக்கத்திலேயே, எத்தனை கிலோ வைத்து ஸ்குவாட் போட்டீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இடுப்பு குறைகிறது, தூக்கும் எடை ஏறுகிறது என்றால் கார்டியோவைக் கூட்ட ஒரு காரணமும் இல்லை.

காந்தி நகர், 27 வயது: புரதம் எவ்வளவு வேண்டும்? நான் 60 கிலோ. மூன்று வேளையும் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம். அது பொதுவான பெரியவர்களுக்கு. வாரம் மூன்று நாலு நாள் எடை தூக்குபவர்களுக்கு நான் 1.2 முதல் 1.6 வரை சொல்வேன். உங்களுக்கு 72 முதல் 96 கிராம்.

இப்போது உங்கள் தட்டைப் பார்ப்போம். காலையில் மூன்று இட்லி, சாம்பார்: பத்து கிராம் வந்தால் பெரிய விஷயம். மதியம் சோறு, குழம்பு, பொரியல்: பன்னிரண்டு. இரவு மூன்று சப்பாத்தி, குருமா: பத்து, பதினொன்று. மொத்தம் 35-ஐத் தாண்டவில்லை. வயிறு நிறைவதும் புரதம் நிறைவதும் வேறு வேறு.

மீதியை இப்படி நிரப்பலாம். காலையில் இரண்டு முட்டை, 12 கிராம். மதியம் 50 கிராம் மீல் மேக்கர் (சோயா உருண்டை, ஊறவைக்கும் முன் எடை), 25 கிராம். சாயங்காலம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒன்பது பத்து கிராம். அசைவம் என்றால் வெந்த கோழி 100 கிராமில் 27 வரை கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரே வேளையில் கொட்டிக்கொள்ளாமல் மூன்று நாலு வேளைக்குப் பிரியுங்கள்.

அப்புறம், சாப்பாட்டோடு டீ வேண்டாம். இதைக் கீழேயும் சொல்வேன்.

ஆரணி, 31 வயது: மீல் மேக்கர் எதற்கு? எங்கள் நிலத்தில் மல்லாட்டை விளைகிறது. அதில் இல்லாத புரதமா?

இருக்கிறது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை 100 கிராமில் சுமார் 25 கிராம். கூடவே 40 முதல் 50 கிராம் கொழுப்பு, 520-க்கு மேல் கலோரி. மூன்று முட்டையின் புரதத்தை வேர்க்கடலையில் எடுக்க 75 கிராம் தின்ன வேண்டும், ஏறக்குறைய 400 கலோரி. மூன்று முட்டையில் 220-க்குள் முடிந்துவிடும்.

ஆரணி, மீண்டும்: என் அம்மா ஆயுசு முழுக்க அதைத் தின்று களை பறித்தார். ஒரு சுற்று தொப்பை கிடையாது.

உங்கள் அம்மா எட்டு மணி நேரம் வெயிலில் குனிந்து நிமிர்ந்தார். நீங்கள் ஒரு மணி நேரம் ஜிம்மில் இருந்துவிட்டு எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன் உட்கார்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கடலை மாறவில்லை, செலவுதான் மாறிவிட்டது.

குடியாத்தம், குறுக்கே வந்த கேள்வி: ஆரணி அக்கா சொல்வதுதான் சரி. சோயா சாப்பிட்டால் ஹார்மோன் கெடும் என்கிறார்களே?

சாதாரணமாகச் சமையலில் போடும் அளவுக்கு ஹார்மோன் கெடாது. தைராய்டு மாத்திரை போடுபவர்கள் மட்டும் மாத்திரைக்கும் சோயாவுக்கும் சில மணி நேரம் இடைவெளி விட வேண்டும், மாத்திரை உடம்பில் சேர்வதை அது குறைக்கும்.

ஆரணி, மூன்றாம் முறை: அப்படியானால் மல்லாட்டையே வேண்டாம் என்கிறீர்களா?

நான் எங்கே அப்படிச் சொன்னேன்? ஒரு கைப்பிடி, 30 கிராம், அவித்தோ வறுத்தோ தினமும் சாப்பிடுங்கள். புரதத்தின் ஒரு கூறான லைசின் அதில் குறைவு, பருப்பும் தயிரும் அதைச் சரிக்கட்டும். அதை மட்டுமே புரதம் என்று கணக்கு வைக்காதீர்கள், அவ்வளவுதான். எடை போதாமல் அவதிப்படும் பெண்ணுக்கு அதே கடலையை நானே இரண்டு கைப்பிடி கொடுப்பேன். அடுத்த கேள்வி அப்படிப்பட்டவருடையதுதான்.

காட்பாடி, கல்லூரி மாணவி, 21 வயது: தினமும் எட்டு கிலோமீட்டர் ஓடுகிறேன். 46 கிலோ. காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லை, இரவு இரண்டு தோசை. மூன்று மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை. ஓடுவதால் அப்படித்தான் ஆகும் என்று தோழிகள் சொல்கிறார்கள்.

அப்படித்தான் ஆகும் என்பது தவறு, தங்கச்சி. இந்த வாரமே பெண்கள் நல மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பம், தைராய்டு, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) எதுவும் இல்லை என்று அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டுப் பக்கம் நான் சொல்கிறேன். ஓட்டத்துக்குச் செலவானது போக மிச்சமிருக்கும் சக்தியில்தான் இதயம், மூளை, எலும்பு, கருப்பை எல்லாம் நடக்க வேண்டும். மிச்சம் போதாவிட்டால் உடம்பு முதலில் நிறுத்துவது மாதவிடாயை. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இறங்கும், எலும்பு மெலியும், ஓடும்போது கால் எலும்பில் விரிசல் விழும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது.

கணக்கு இது. கொழுப்பு 20 சதவீதம் என்று வைத்தால், கொழுப்பு நீங்கலாக நீங்கள் சுமார் 37 கிலோ. அந்த 37-இல் ஒவ்வொரு கிலோவுக்கும் 30 கலோரிக்குக் கீழே மிச்சம் போனால் ஆபத்து, 45 இருந்தால் நல்லது. எட்டு கிலோமீட்டருக்கு 350 கலோரி போகிறது. இரண்டையும் கூட்டினால் நாளொன்றுக்கு 2,000 வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பாதியும் இல்லை. ஓடுவதற்கு முன் ஒரு வாழைப்பழம், வந்ததும் முட்டையோ பாலோ, மதியம் சோற்றைக் குறைக்காத சாப்பாடு, அப்புறம் அந்த இரண்டு கைப்பிடி கடலை. மருத்துவர் சொல்லும்வரை ஓட்டத்தைப் பாதியாக்குங்கள். கண்ணாடியைப் பார்த்துப் பயந்துதான் சாப்பிடாமல் இருக்கிறீர்கள் என்றால், மனநல ஆலோசகரிடமும் பேசுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தொப்பை மட்டும் குறைய என்ன சாப்பிடலாம்? (பல பேர்)

அப்படி ஒரு உணவு இல்லை.

தேன், எலுமிச்சை, வெந்நீர்? (இன்னும் பல பேர்)

வெந்நீர் தாகம் தீர்க்கும். தேன் சர்க்கரை.

வெந்தயத் தண்ணீர்? சீரகத் தண்ணீர்?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

பாகாயம், 38 வயது: படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஹீமோகுளோபின் 9.8. முருங்கைக்கீரை தினமும் சாப்பிடுகிறேன்.

12-க்குக் கீழே என்றாலே இரத்தசோகை. தேசிய குடும்பநல ஆய்வு 2019-21-இன்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இந்த நிலைதான். 9.8-ஐக் கீரையால் மட்டும் ஏற்ற முடியாது. மருத்துவரிடம் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு) பரிசோதனை கேளுங்கள், மாதவிடாய் அதிகமாகப் போகிறதா என்பதையும் சொல்லுங்கள். கீரையின் இரும்பு குறைவாகவே உடம்பில் சேரும். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் கொஞ்சம் கூடும். டீ குடித்தால் குறையும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். சரிவரும்வரை கடும் பயிற்சி வேண்டாம், நடை போதும்.

எடை தூக்கினால் ஆம்பிளை மாதிரி ஆகிவிடுமா?

தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் பெண்களுக்கு ஆண்களுடையதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகாது.

ஞாயிறு ஆம்பூர் பிரியாணி?

சாப்பிடுங்கள். கறி கூடவும் சோறு குறையவும் கேளுங்கள், கத்தரிக்காயில் மிதக்கும் எண்ணெயை ஓரமாக ஒதுக்குங்கள். அன்றைக்கு மதியத்தை அதற்கு விட்டுவிட்டு இரவு வழக்கம்போல. பட்டினி கிடந்து பழிவாங்க வேண்டாம்.

வாலாஜாபேட்டை, 52 வயது: மாதவிடாய் நின்றுவிட்டது. நடை மட்டும் போதுமா?

போதாது. ஈஸ்ட்ரோஜன் போனபின் தசையும் எலும்பும் வேகமாகக் கரையும், கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறும். வாரம் இரண்டு நாளாவது எடை தூக்குங்கள், மூட்டு வலி இருந்தால் பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி. கேழ்வரகு மாவு 100 கிராமில் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, களியோ கூழோ உங்கள் விருப்பம். அதோடு தயிரும் முட்டையும் வேண்டும், கேழ்வரகில் புரதம் ஏழு கிராம்தான். டீயைப் பற்றிச் சொன்னது உங்களுக்கும்.

ராணிப்பேட்டை, ஷூ கம்பெனி, 36 வயது: பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் டீ கொடுப்பார்கள். அதை விட முடியாது. ஜிம்முக்குக் காசும் இல்லை.

விட வேண்டாம். பதினொரு மணி டீக்கும் ஒரு மணி சாப்பாட்டுக்கும் இடைவெளி இருக்கிறது, மூன்று மணி டீயும் சரி. சாப்பிட்ட கையோடு ஒன்று குடிப்பீர்கள் என்றால், அதை மட்டும் நிறுத்துங்கள். ஜிம்முக்குப் பதில், பத்து லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பினால் பத்து கிலோ. அதை நெஞ்சோடு அணைத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருங்கள், பத்துப் பத்தாக மூன்று முறை. வாரம் மூன்று நாள். ஒரு மாதத்தில் லேசாகிவிட்டால் எழுதுங்கள், அடுத்ததைச் சொல்கிறேன்.