வாசகர் கேள்வி – பதில்: சேர்ந்து விற்கும்போது வரும் சிக்கல்கள்

கேள்வி: நாங்கள் 40 சிறு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து மக்காச்சோளம் விற்கிறோம். அறுவடை வந்ததும் பாதிப்பேர் வியாபாரியிடம் போட்டுவிடுகிறார்கள். எவ்வளவு பேசியும் பலனில்லை. என்ன செய்வது?

பதில்: பேசுவதை விடுங்கள், பணம் கைக்கு வரும் நாளைப் பாருங்கள். வியாபாரி களத்திலேயே எண்ணிக் கொடுத்துவிடுகிறார். அறுப்புக் கூலியும் கைமாற்றுக் கடனும் அன்றே வந்து நிற்கும். மூன்று வாரம் கழித்துச் சங்கம் கூடுதலாகத் தந்தாலும், காத்திருக்க முடியாதவருக்கு அது உதவாது. அவரைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை.

மூட்டை இறங்கிய அன்றே, அன்றைய விலையில் 60 முதல் 70 சதவீதம் வரை முன்பணம் கொடுங்கள். விற்றபின் சாக்கு, வண்டி, ஏற்றுக்கூலி கழித்து மீதியைக் கொடுக்கலாம். முழு விலையையும் முதலிலேயே கொடுத்தால், விலை இறங்கும்போது இழப்பு மொத்தமும் சங்கத்தின் தலையில் விழும்.

ஆளுக்கு 50 கிலோ மூட்டை பத்து என்றால் மொத்தம் 20 டன். 65 சதவீத முன்பணத்துக்கு 13 டன்னின் விலை கையில் இருக்க வேண்டும். பங்குத்தொகை மட்டும் இதற்குப் பெரும்பாலும் போதாது. சரக்கை ஈடாக வைத்துக் கடன் கிடைக்குமா என்று விதைப்புக்கு முன்பே விசாரியுங்கள். பாதிதான் தேறும் என்றால் ஆளுக்கு ஐந்து மூட்டை மட்டும் எடுங்கள். அந்த ஐந்துக்குச் சொன்ன நாளில் பணம் கொடுத்தால், அடுத்த பருவத்தில் கேட்காமலே பத்து வரும்.

கேள்வி: எல்லோர் சரக்கையும் கலந்து அனுப்பினோம். ஈரம் என்று விலையைக் குறைத்துவிட்டார்கள். நன்றாகக் காயவைத்தவர்களுக்கு ஒரே கோபம்.

பதில்: கோபம் நியாயமானது. 18 சதவீத ஈரமுள்ள 100 கிலோ, 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் சுமார் 95.3 கிலோதான் நிற்கும். எடையை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தால், காயவைக்காதவருக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ தண்ணீருக்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். அடுத்த முறை யாரும் காயவைக்க மாட்டார்கள். ஈர மூட்டை அடுக்கின் நடுவில் மாட்டிக்கொண்டால் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். பக்கத்து மூட்டைக்கும் பரவும்.

எனவே மூட்டைக்காரர் முன்னிலையிலேயே ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என மூன்று இடத்தில் மாதிரி எடுங்கள். ஈரமானி இல்லையென்றால் உப்பு போதும். நன்கு காய்ந்த கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு தானியம், இரண்டு மூன்று மேசைக்கரண்டி காய்ந்த பொடியுப்பு போட்டு மூடி, ஒரு நிமிடம் குலுக்கிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். அந்த மூட்டையைக் கலக்காமல் திருப்பிக் காயவையுங்கள். உப்பே ஈரமாக இருந்தால் சோதனை பொய்க்கும். வறுத்து ஆறவைத்துப் பயன்படுத்துங்கள்.

எடை, ஈரம், முன்பணம் மூன்றையும் ரசீதில் இரண்டு பிரதி எழுதி, ஒன்றை அவர் கையில் கொடுங்கள்.

கேள்வி: உரத்தை மொத்தமாக வாங்கி வைத்து உறுப்பினர்களுக்கு விற்கலாமா?

பதில்: வாங்கி வைக்க வேண்டாம். யாருக்கு எத்தனை மூட்டை என்று எழுதி, பணத்தையும் வாங்கிக்கொண்டு, அந்த அளவுக்கு மட்டும் வாங்குங்கள். மிஞ்சும் யூரியா ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும். போட்ட பணமும் அதில் முடங்கும். இறக்கியதும் தரையில் படாமல் மரப்பலகை மேல் அடுக்குங்கள்.