கார் ஏசியில் காற்று ஏன் மெதுவாக வருகிறது?

ஃபேனை முழு வேகத்தில் வைத்தும் காற்று லேசாகத்தான் வருகிறதா? முதலில் பார்க்க வேண்டியது கேபின் ஃபில்டர். காருக்குள் வரும் காற்றிலிருந்து தூசியைப் பிடித்துவைக்கும் மடிப்பு மடிப்பான அட்டை அது. பல கார்களில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும், கையாலேயே கழற்றலாம்.

ஜன்னல் கொசுவலையில் தூசி அப்பிக்கொண்டால் வெளியே காற்றடித்தாலும் அறைக்குள் வராது அல்லவா, அதே கதைதான். ஃபேன் சத்தம் பலமாகவும் காற்று குறைவாகவும் இருந்தால் பெரும்பாலும் இந்த அடைப்புதான். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஃபேனை ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

புதிது மாட்டியும் சரியாகவில்லையா? முழு வேகத்தில் மட்டும் ஃபேன் சுற்றினால் அதன் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர் போயிருக்கலாம். நன்றாக வந்த காற்று அரை மணி நேரத்தில் குறைந்து, ஏசியை அணைத்துவைத்த பிறகு மீண்டும் வந்தால், உள்ளே குளிர்விக்கும் சுருளில் ஐஸ் கட்டுகிறது. அதை மெக்கானிக்கிடம் காட்டுவதே நல்லது.

அப்புறம், காற்று குறைந்ததுமே ஏசிக்கு கேஸ் நிரப்பப் போகாதீர்கள்: கேஸ் குறைந்தால் முதலில் குறைவது குளிர்ச்சி, காற்றைத் தள்ளுவது ஃபேனின் வேலை.