காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடிப்பது என்றால் என்ன? ஏன் அது இவ்வளவு கடினம்?

பெரிய விசிறிகளால் காற்றை இழுத்து, கரியமில வாயுவை மட்டும் வடிகட்டியில் ஒட்டவைத்துப் பிரிக்கும் முறை இது. சிமெண்ட், விமானம் போன்ற தொழில்களால் புகையை முழுசாக நிறுத்த முடியாது. மிச்சத்தை இப்படி ஈடுகட்டப் பார்க்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், காற்றில் பத்தாயிரம் மூலக்கூறுக்கு இது நாலுதான் இருக்கும். ஒரு டம்ளர் அரிசியில் நாலு கல் பொறுக்குவது மாதிரி. அதுவும் மூட்டை மூட்டையாகப் பொறுக்க வேண்டும்! மின்சாரமும் வெப்பமும் ஏராளமாகச் செலவாவது அதனால்தான்.

ஐஸ்லாந்தில் 2021-ல் தொடங்கிய ஓர்கா ஆலையில், வடிகட்டி நிறைந்ததும் சுமார் 100 டிகிரிக்குச் சூடாக்கி வாயுவை விடுவிக்கிறார்கள். அப்புறம் சோடா போலத் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் இறக்கினால், சில வருடங்களில் கல்லாகிவிடும்.

புகைபோக்கியில் பிடிப்பதும் இதுவும் ஒன்றல்ல: அது புதுப் புகையைத் தடுக்கும், ஏற்கெனவே காற்றில் கலந்ததை எடுக்காது.