வேர்ட்பிரஸ் நிறுவிய பின் எஃப்டிபி கடவுச்சொல் கேட்பது ஏன்?

உபுண்டு சர்வரில் வேர்ட்பிரஸ் நிறுவியபின், பிளக்இன் (கூடுதல் வசதி தரும் நிரல்) சேர்க்கப் போனால் எஃப்டிபி (சர்வருக்குக் கோப்புகளை அனுப்பும் முறை) கடவுச்சொல் கேட்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் கோப்புகளின் உரிமையாளர்தான் காரணம். ரூட் பயனராக, அதாவது சர்வரில் முழு அதிகாரம் உள்ளவராக இருந்து, வேர்ட்பிரஸ் கோப்புகளை விரித்திருப்பீர்கள். வேர்ட்பிரஸ் எழுதப்பட்டுள்ள பிஎச்பி மொழி இயங்குவதோ அப்பாச்சிக்கென (வலைப்பக்கங்களை வழங்கும் மென்பொருள்) உள்ள தனிப் பயனரின் பெயரில். வேர்ட்பிரஸ் ஒரு தற்காலிகக் கோப்பை எழுதிப் பார்த்து, அதன் உரிமையாளரும் தன் நிரல்கோப்பின் உரிமையாளரும் ஒருவரேதானா என்று ஒப்பிடும். வேறாக இருந்தால் நேரடியாக எழுதாது, எஃப்டிபி விவரம் கேட்கும்.

ஆகவே வேர்ட்பிரஸ் கோப்புறை முழுவதையும் அந்த அப்பாச்சி பயனருக்கு உரிமை மாற்றுங்கள். கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 அனுமதி போதும் (உரிமையாளர் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம்). 777 போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம். அது எல்லோருக்கும் எழுதும் அனுமதி தருவதால், சர்வரில் உள்ள எந்தப் பயனரும் உங்கள் நிரலைத் திருத்திவிட முடியும். தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும் கான்ஃபிக் கோப்புக்கு (wp-config.php) மட்டும், பிற பயனர்கள் படிக்க முடியாதபடி 640 கொடுங்கள்.