ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டேன். தி.நகர் ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நான்கு ஆண்டு ஏழு மாதமாக வேலை பார்க்கிறேன். கடை விடுதியில்தான் தங்கியிருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு, நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் படித்து அரசு வேலைக்குப் போக ஆசை. பிளஸ் டூ தேவையில்லை என்கிறாள் தோழி. சரிதானா?

பதில்: தாராளமாகப் படியுங்கள். ராஜினாமாக் கடிதம் மட்டும் இப்போது வேண்டாம்.

தோழி சொல்லும் குறுக்குவழியில் இறங்கிவிடாதீர்கள். பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் தமிழ்நாட்டு அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009-ஆம் ஆண்டின் அரசாணை 107 சொல்கிறது. பத்து, பன்னிரண்டு, அதன்பின் பட்டம் என்ற வரிசை தவறக் கூடாது. (குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பே போதும். அதற்கு இப்போதே தயாராகலாமே!)

பிளஸ் டூவுக்கு தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் (என்.ஐ.ஓ.எஸ்.) உங்கள் வேலை நேரத்துக்கு ஒத்துவரும். ஆனால் அதன் சான்றிதழ் தமிழ்நாட்டு அரசு வேலைக்குச் செல்லுமா என்று முதலில் விசாரித்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஐந்து பாடங்கள். பதிவு ஐந்து ஆண்டு செல்லும். அதற்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு என்பதால், ஒன்றிரண்டு பாடமாக எழுதித் தேறலாம். தமிழ் வழியில் எந்தெந்தப் பாடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் தேர்வுகள் தொடங்கும். அக்டோபரை விட்டுவிடுங்கள். தீபாவளி நெருக்கத்தில் நாளெல்லாம் புடவையைப் பிரித்துக் காட்டி, கடை சாத்தியபின் அத்தனையையும் மடித்து அடுக்கிவிட்டு விடுதிக்குத் திரும்புகிறவர் எங்கே படிப்பது? கேட்டாலும் லீவு கிடைக்காது.

இப்போது விலகினால் பணமும் போய்விடும். ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டப்படியான உரிமை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பிறகு 5-ஆலும் பெருக்குங்கள்; 43,000 ரூபாய்க்குமேல் வருகிறது. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் உங்களுக்கு ஐந்தாம் ஆண்டில் ஏழு மாதம்தான் ஆகிறது, 240 நாள் இன்னும் வரவில்லை. வந்தபிறகும் கடைக்காரர் மறுத்தால் நீங்கள்தான் அலைய வேண்டும். இன்னும் ஐந்து மாதம் பொறுத்தால் அந்த வழக்கே இல்லை. பி.எஃப். பணத்தில் கை வைக்காதீர்கள். அடுத்த வேலையிலும் அதே யூ.ஏ.என். (பி.எஃப். உறுப்பினருக்கான பொது எண்) தொடரும்.

அதன்பிறகும் வெறுமனே வீட்டில் உட்கார்ந்து படிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். மருந்துக்கடை பில்லிங், அலுவலக வரவேற்பு என எட்டு மணி நேர வேலையொன்றைப் பிடித்துக்கொண்டு மாறுங்கள். கையில் சம்பளம் வரும், மாலையும் மிஞ்சும்.

வேலையில் சேரும்போது அசல் மதிப்பெண் சான்றிதழைக் கடையில் கொடுத்திருந்தால், தேர்வுப் பதிவுக்குத் தேவை என்று சொல்லி முதலில் அதைத் திரும்ப வாங்குங்கள். விலகும் அன்றே விடுதி அறையையும் காலி செய்யச் சொல்வார்கள். வேறு விடுதியில் முன்பணம் கட்டி இடம் பிடித்தபிறகே மேலாளரிடம் கடிதத்தை நீட்டுங்கள்.