எதை எந்த மில்லில் அரைப்பது?

கே: சிங்கப்பூர் தேக்காவில் மசாலா அரைத்துக் கொடுக்கிறோம். சுத்தியல் மில்லில் (சுழலும் சுத்தியல்கள் அடித்துப் பொடியாக்கும் மில்) மல்லி நன்றாக வருகிறது. மிளகாய் மட்டும் சூடாகி, வாசனை போய்விடுகிறது. பெரிய மோட்டார் போடலாமா?

ப: மோட்டாரில் கை வைக்காதீர்கள். முதலில் சல்லடையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மிளகாயின் எண்ணெய்ப்பசை பாதித் துளைகளை அடைத்திருக்கும். துளைக்குள் நுழையும் அளவுக்குப் பொடியாகும்வரை சரக்கு உள்ளேயே கிடந்து அடி வாங்குவதுதான் இந்த மில்லின் வேலைமுறை. துளை அடைத்தால் பொடியானதும் வெளியே போக முடியாது. வாங்குகிற அடியெல்லாம் சூடாக மாறும். ஒரே தடவையில் நைசாக்கப் பார்க்க வேண்டாம். முதலில் பெரிய துளையில் அரைத்து ஆறவிடுங்கள், அப்புறம் சின்னத் துளை. நம் ஊர் ஈரக் காற்றில் பிரித்துவைத்த மூட்டை சீக்கிரம் நமுத்து, துளையை இன்னும் அடைக்கும். அரைக்கிற அன்று பிரித்தால் போதும். பெரிய ஆலைகள் சில, மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனை விட்டு அரைப்பதும் வாசனையைக் காப்பாற்றத்தான். கடைக்கு அது கட்டுப்படியாகாது.

கே: துவாஸில் பால் மில் (ball mill, குண்டுகள் போட்டுச் சுழற்றி அரைக்கும் உருளை) ஓட்டுகிறேன். வேகத்தைக் கூட்டினால் சீக்கிரம் அரையுமா?

ப: ஓரளவுக்குத்தான். எஃகுக் குண்டுகள் உருளையின் சுவரோடு ஏறி, சரக்கின் மேல் விழ வேண்டும். வேகம் எல்லை தாண்டினால் சுவரோடு ஒட்டிச் சுற்றும், விழாது. 42.3ஐ உருளை விட்டத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தால் வகுத்தால் அந்த எல்லை கிடைக்கும். 1 மீட்டர் உருளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 42 சுற்று. அதில் 65 முதல் 80 சதவீதத்தில் ஓட்டுங்கள். காதையும் தீட்டிக்கொள்ளுங்கள்: சரக்கு குறைந்தால் குண்டு தகட்டில் மோதி கணீரென்று கேட்கும், கூடினால் சத்தம் மந்தமாகும். நல்ல ஆபரேட்டர் மீட்டரைப் பார்ப்பதற்கு முன்பே இதைக் கண்டுபிடித்துவிடுவார்.

கே: மருந்துத் தூளுக்கு ஜெட் மில் ஏன்?

ப: அழுத்தக் காற்றில் துகளோடு துகள் மோதி, சில மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) உடையும். காற்று விரியும்போது குளிர்வதால் சூடு ஏறாது. கம்ப்ரசருக்கு மின்சாரம்தான் நிறையப் போகும்.

கே: மாவு மில்லில் படியும் தூசியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யலாமா?

ப: கூடவே கூடாது. படிந்த தூசி காற்றில் பறந்தால், அது வெடிக்க ஒரு பொறி போதும். 2021 பிப்ரவரி 24 அன்று துவாஸில் நடந்த வெடிப்பில் 3 தொழிலாளர்கள் இறந்தார்கள். அங்கிருந்த உருளைக்கிழங்கு மாவும் தீப்பற்றியது. தூசிக்கென்றே செய்த வேக்குவம் வாங்குங்கள், மில்லை எர்த் செய்யுங்கள். சரக்கு விழும் வாயில் காந்தம் இல்லையென்றால், அதை மாட்டும்வரை மில்லை ஓட்டாதீர்கள். உள்ளே போகும் ஒரு ஆணிகூட பொறி கிளப்பும்.